கண் பரிசோதனை டெக்னீசியன் படிப்பு: 2,000 மணி நேர விதி என்ன சொல்கிறது?

கண்புரை அறுவைக்கு முன்னால் கண்ணின் நீளத்தை அளப்பார்கள். ஏ-ஸ்கேன் என்று பெயர். பெரியவர்களுக்குப் பொதுவாக 23, 24 மில்லிமீட்டர் இருக்கும். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை இந்த அளவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அளவு 1 மில்லிமீட்டர் தவறினால் பவர் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (லென்ஸ் பவரை அளக்கும் அலகு) வரை பிசகும். அறுவை எவ்வளவு நேர்த்தியாக நடந்திருந்தாலும், கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியாது. இந்த அளவை எடுப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்ல, டெக்னீசியன்தான்.

அவருக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை நாடு முழுவதற்கும் பொதுவாக வரையறுத்த சட்டம் 2021 மார்ச்சில் வந்தது. என்.சி.ஏ.எச்.பி. சட்டம் என்பார்கள். தேசிய துணைநிலை, சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையத்தை அமைத்த சட்டம் அது. அதன் அட்டவணையில் உள்ள பத்துத் தொழில் பிரிவுகளில் கண் அறிவியலும் ஒன்று.

சட்டம் இரண்டு படிகளைச் சொல்கிறது. டிப்ளமோ அல்லது பட்டம் படித்து, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் பயின்றவர் துணைநிலைப் பணியாளர். டெக்னீசியன்கள் இந்தப் படியில் வருவார்கள். மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் பயின்ற பட்டதாரி, சுகாதாரத் தொழில்முறையாளர். பி.ஆப்டோம் பட்டம் முடித்து, பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி பவர் சொல்லும் ஆப்டோமெட்ரிஸ்ட் இரண்டாம் படிக்கு உரியவர். படித்து முடித்தவர்கள் மாநிலப் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் அபராதம் உண்டு.

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் படிப்பு தேடும் பெற்றோர் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாத சான்றிதழ் வகுப்பு என்று விளம்பரம் வருகிறது. மாதம் 26 நாள், தினம் எட்டு மணி நேரம் என்று ஒரு நாள்கூட விடாமல் போனாலும் 1,248 மணி நேரம்தான் தேறும். 2,000 எட்டாது, இரண்டு ஆண்டு என்ற நிபந்தனையும் நிறைவேறாது. பணம் கட்டிய பிறகு இது தெரியவரும் குடும்பங்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

மணி நேரத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. அதில் எத்தனை மணி நேரம் கருவியில் கை வைத்தது என்பதைக் கேட்க வேண்டும். ஏ-ஸ்கேனையே எடுத்துக்கொள்வோம். கருவியின் முனையைக் கருவிழி மேல் வைக்கும்போது கொஞ்சம் அழுத்திவிட்டாலும் கண் அமுங்கி நீளம் குறைவாகக் காட்டும். லென்ஸ் பவர் கூடிப்போய், அறுவைக்குப் பின் கிட்டப்பார்வை வந்துவிடும். பழகிய டெக்னீசியன் ஒரே அளவோடு நிறுத்த மாட்டார். பல முறை எடுத்து, அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். இரண்டு கண்ணுக்கும் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளப்பார். இதெல்லாம் விரலுக்குப் பழகுவது. நோட்டில் எழுதி வராது.

ஃபீல்டு டெஸ்ட்டில் கையைவிட வாய்க்குத்தான் வேலை. கண் நீர் அழுத்த நோய் பக்கப்பார்வையை எவ்வளவு தின்றிருக்கிறது என்று காட்டும் பரிசோதனை அது. "நடுவுல இருக்குற விளக்கையே பாருங்கம்மா. பக்கத்துல எங்க மினுக்குனாலும் பட்டனை அமுக்குங்க. எல்லா வெளிச்சமும் தெரியணும்னு இல்ல, பயப்படாதீங்க" என்று சொல்லத் தெரியாதவர் எடுத்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது. முதல் முறை இந்தப் பரிசோதனைக்கு வரும் நோயாளிகளுக்கு முடிவு உள்ளதைவிட மோசமாக வருவதும் உண்டு. அதைத் தெரிந்து டாக்டரிடம் சொல்வதும் டெக்னீசியனின் பயிற்சியில் அடங்கும். ஓசிடி (விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஸ்கேன்), ஃபண்டஸ் கேமரா (கண்ணின் உட்புறத்தைப் படம் எடுப்பது), கருவிழித் தடிமன் அளப்பது ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

இத்தகைய பயிற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-ல் தொடங்கியது. கண் மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி தருவது அதன் வேலைகளில் ஒன்று. அதே ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி தந்து இந்த வேலைகளில் அமர்த்தி வருகிறது.

சேருவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் மருத்துவமனையில் எத்தனை? எந்தெந்தக் கருவிகள் சொந்தமாக இருக்கின்றன? ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள்? சான்றிதழ் தருவது பல்கலைக்கழகமா, அரசா, வெறும் அந்த நிறுவனமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மணி நேரம் குறித்த மதிப்பெண் பட்டியல் பிறகு பதிவுக்கு உதவும்.

இன்னொன்று. இந்தச் சட்டம் துணைநிலைப் பணியாளருக்குத் தருவது நோய் கண்டறிதலுக்கும் சிகிச்சைக்கும் துணை நிற்கும் வேலை. ஓசிடி படத்தைப் பிசகில்லாமல் எடுப்பது டெக்னீசியன் பொறுப்பு. அதைப் பார்த்து நோய் இன்னது என்று சொல்வது டாக்டர் பொறுப்பு.