ட்ரைலெம்மா: மூன்றே வழிதானா?

மூன்று வழிகளைக் காட்டி, ஒன்றை ஏற்றே ஆகவேண்டும் என்று எதிராளியை மடக்கும் வாதத்துக்குப் பெயர் ட்ரைலெம்மா. திருகோணமலையில் பெயர் அதிகம் புழங்காது, வாதம் நன்றாகவே புழங்கும். நற்செய்திக் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள்: இயேசு தன்னைக் கடவுள் என்றார். தெரிந்தே பொய் சொன்னால் அவர் பொய்யர். தெரியாமல் சொன்னால் சித்தம் கலங்கியவர். இரண்டும் இல்லையா, அப்போ கடவுள்தான். ‘நல்ல குரு’ என்று சொல்லி நழுவ முடியாது.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ட்ரை’ என்றால் மூன்று. (எங்கள் ஊரைத் ‘திரிகோணமலை’ என்று பிரிப்பவர்கள் காட்டும் ‘திரி’க்கு உறவுதான்.) ‘லெம்மா’ என்றால் எடுத்துக்கொண்டது, அதாவது வாதம் தொடங்குவதற்காக ஏற்றுக்கொண்ட கூற்று. இரண்டு வழி உள்ள ‘டைலெமா’ மூத்தது. அதைப் பார்த்து வார்த்தது இது. ஸ்கொட்லாந்துப் போதகர் ஜோன் டங்கன் இந்தச் சொல்லையே கிறிஸ்துவைப் பற்றிய பேச்சில் பயன்படுத்தினார். அந்தப் பேச்சுகள் 1870இல் நூலாயின. ஊர் ஊராகப் பரப்பியது கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் 1942ஆம் ஆண்டு பிபிசி உரைகளும், அவை சேர்ந்து 1952இல் வந்த புத்தகமும்.

எல்லாரும் மூன்றை எண்ணுகிறார்கள். கோளாறு இருப்பது லெம்மாவில். ‘இயேசு தன்னைக் கடவுள் என்றார்’ என்பதை யார் ஏற்றுக்கொண்டது? ‘நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்’ என்பது யோவான் நற்செய்தி 10:30. மாற்கு நற்செய்தி 10:18இலோ, தன்னை நல்லவர் என்றவனிடம், கடவுள் ஒருவரைத் தவிர நல்லவர் எவருமில்லை என்கிறார். மாற்கு ஏறக்குறைய கி.பி. 70ஐ ஒட்டியது, யோவான் அதற்கு இருபது முப்பது ஆண்டுகள் பிந்தியது என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. யாரும் பொய் சொல்லாமல், யாருக்கும் சித்தம் கலங்காமல், வாய்வழி வந்த செய்தி வளர்ந்திருக்கலாம். மாற்கிலும் இயேசு பாவங்களை மன்னிக்கிறாரே என்று கிறிஸ்தவர் பதில் சொல்வார். நியாயமான பதில்தான். ஆனால் அதை வசனம் வசனமாக நிறுவ வேண்டும். ட்ரைலெம்மா அந்த வேலையைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவிலோ மூதூரிலோ போய் இந்த வாதத்தைச் சொல்லிப் பாருங்கள். ஈஸா நபி (அவர்கள் இயேசுவை அழைக்கும் பெயர்) அப்படிக் கோரவேயில்லை என்பார்கள். குர்ஆன் 5:116 அதைத்தான் சொல்கிறது. அவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்கு வராது. கோணேசர் கோயிலடியில், சீவனும் பிரம்மமும் ஒன்றே என்னும் வேதாந்தம் படித்த ஒருவருக்கு, ‘நானும் பிதாவும் ஒன்று’ பைத்தியப் பேச்சாகவே படாது. சித்தாந்தச் சைவருக்கோ சிவன் பிறவாதவன், மூன்றாவது கதவே மூடியிருக்கிறது.

இந்தப் பிழைக்குத் தமிழில் பழைய பெயரே உண்டு. மணிமேகலை 29ஆம் காதை ஏதுப் போலிகளை, அதாவது காரணம்போலத் தோன்றும் பிழைகளை, வகுக்கும்போது ‘அன்னியதர அசித்தம்’ என்று ஒன்றைச் சொல்கிறது: எதிர்நிற்பவன் ஒப்பாத ஏதுவை வைத்து வாதாடுவது. கடவுள் நம்பிக்கையே இதனால் பொய்யாகிவிடாது. இந்த வாதம் அதைத் தாங்காது, அவ்வளவுதான்.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? ‘முத்தலைக் கொள்ளி’ ஒத்துவராது. இருதலைக் கொள்ளியில் எந்தப் பக்கம் போனாலும் சூடு. இங்கே மூன்றாம் பக்கம் வாதிடுபவருக்கு மோட்சம். ‘மும்மைச் சிக்கல்’ பொருளியலுக்குப் பொருந்தும்: நிலையான நாணய மாற்று, தடையற்ற மூலதன ஓட்டம், சுயமான வட்டிக் கொள்கை என மூன்றையும் ஒரு மத்திய வங்கி ஒருசேர வைத்திருக்க முடியாது. அதையும் ட்ரைலெம்மா என்கிறார்கள்.

தருக்கத்துக்கு ‘முக்கவர் வாதம்’ என் தெரிவு. கவர் என்றால் கிளைபிரியும் இடம். கவர்தல் என்றால் பற்றி எடுத்தல். முதலாவது மூன்று வழிக்கு, இரண்டாவது லெம்மாவுக்கு. ‘லூயிஸின் முக்கவர் வாதம்’ என்று தாராளமாக எழுதலாம்.