கடைமடை கேபினுக்கு வெந்நீர்

ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்து நாகை விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கிற அதே வாரங்களில்தான் தென்துருவத்தில் கோடை தொடங்குகிறது. அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் உஷுவாயா துறைமுகத்திலிருந்து, நூறு நூற்றைம்பது பயணிகளை ஏற்றும் சின்னக் கப்பல்கள் அண்டார்டிகாவுக்குக் கிளம்பும். பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். வழியில் தண்ணீர் பிடித்துக்கொள்ள ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. குளியல், சமையல், துணி, கழிவறை என்று எல்லாவற்றுக்கும் கப்பல் தானே தண்ணீர் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

சுற்றிலும் கடல், அதில் மிதப்பதோ பனிப்பாறை. பனிப்பாறை நிலத்தில் பெய்த பனி இறுகி உடைந்து வந்தது என்பதால் சுத்தமான நன்னீர். அதை உருக்கினால் போதாதா? முன்பு அப்படித்தான் செய்தார்கள். 1773-இல் ஜேம்ஸ் குக்கின் ஆட்கள் மிதக்கும் பனிக்கட்டிகளைப் பொறுக்கிக் கப்பலில் ஏற்றி உருக்கிக்கொண்டார்கள். ஆனால் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. ஒரு டன் பனிக்கட்டியை அதே பூஜ்யம் டிகிரியில் தண்ணீராக்க மட்டும் சுமார் 93 யூனிட் ஆற்றல் வேண்டும். அதே ஒரு டன் நன்னீரைக் கடல்நீரிலிருந்து வடிகட்டி எடுக்க 10 யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். துருவக் கப்பலில் தட்டுப்பாடெல்லாம் சூட்டுக்குத்தான். தண்ணீர் தொடர்பான ஒவ்வொரு சிக்கலும் கடைசியில் அங்கேதான் போய் முட்டும்.

கடல்நீர் கப்பலுக்குள் நுழையும் இடத்தைத் தலைமதகு என்று வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் ரூமில் வேலை பார்ப்பவர்கள் அதை சீ செஸ்ட் என்பார்கள். அடித்தட்டில் ஒரு பெட்டி, அதன் வாயில் கம்பிச் சல்லடை. இன்ஜினைக் குளிர்விக்கும் நீரும், குடிநீருக்கான நீரும், தீயணைப்பு நீரும் இதன் வழியாகத்தான் வருகின்றன. நம் பக்கம் ஷட்டரில் ஆகாயத்தாமரை வந்து அண்டினால் ஆறு நிறையத் தண்ணீர் இருந்தும் வாய்க்கால் காய்ந்துபோகும் அல்லவா, அங்கே அந்த வேலையைப் பனிக்கூழ் செய்கிறது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாரை மிஷினில் போட்டு நொறுக்கிக் கொட்டுவார்களே, ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும். கப்பல் பனியை உடைத்துக்கொண்டு போகும்போது அந்த நொறுங்கல் அடித்தட்டோடு வழுக்கி வந்து சல்லடையில் அப்பும். கடல்நீரின் வெப்பம் மைனஸ் 1.8 டிகிரி என்பதால் உள்ளே வந்த துண்டு உருகவும் செய்யாது.

பிறகு நடப்பதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பம்ப் இழுக்கிறது, நீர் வரவில்லை, அழுத்தமானி முள் ஆடத் தொடங்குகிறது. இன்ஜினின் குளிர்நீர் வெப்பம் ஏறுகிறது, அலாரம் அடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் ஜெனரேட்டர் தானே நின்று கப்பல் இருண்டுவிடும். உறைபனிக் கடலில் ஒரு கப்பலின் இன்ஜின் சூடு தாங்காமல் நிற்பது வேடிக்கைதான், ஆனால் அங்கே பெரிய பயமே அதுதான்.

இதற்கான வைத்தியத்தைக் கப்பல் கட்டும்போதே செய்துவிடுகிறார்கள். பின்லாந்து, ஸ்வீடன் நாடுகளின் பனிக்கப்பல் விதிகள், இன்ஜின் திறனில் ஒவ்வொரு 750 கிலோவாட்டுக்கும் சீ செஸ்டில் சுமார் ஒரு கன மீட்டர் இடம் விடச் சொல்கின்றன. பெட்டி பெரிதாக, உயரமாக இருந்தால் நீரின் வேகம் குறையும், பனி மேலே மிதந்து ஒதுங்கும், பம்ப் கீழிருந்து நீரை மட்டும் எடுத்துக்கொள்ளும். சல்லடைத் துளைகளின் மொத்தப் பரப்பும் குழாயின் வாயைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். இன்னொரு ஏற்பாடும் உண்டு. இன்ஜினைக் குளிர்வித்துச் சூடேறி வெளியே போகும் நீரை அப்படியே கடலில் விடாமல், ஒரு வால்வைத் திருப்பி சீ செஸ்டுக்குள்ளேயே பாய்ச்சுவார்கள். பனி இளகும்.

பனிப்பகுதியில் நுழையும் முன்பே அந்த வால்வைத் திறந்துவிட வேண்டும். அடைத்த பிறகு திறந்தால் பாய்ச்சுவதற்குச் சூடான நீரே வந்துகொண்டிருக்காது. அதற்காக முழுவதும் திறந்தாலும் தப்பு, சூடான நீரே சுற்றிச் சுற்றி வந்து இன்ஜின் குளிராது. பம்புக்கு முன்னால் இரட்டை ஸ்ட்ரெய்னர், அதாவது இரண்டு வடிகட்டிக் கூடைகள், இருக்கும். ஒன்று ஓடும்போது மற்றதைத் திறந்து கூழை அள்ளிக் கொட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். கப்பலைப் பின்னுக்கு எடுக்கும்போது புரொப்பெல்லர் பனியை அடித்தட்டின் பக்கமே தள்ளும் என்பதால், அந்த நேரம் ஸ்ட்ரெய்னர் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பது நல்லது.

இப்படி உள்ளே வந்த நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை எடுக்க இரண்டு மிஷின்கள். முதலாவது நமக்குப் பழக்கமானதுதான். நாகை, வேதாரண்யம் பக்கம் போர்வெல்லில் உப்பு ஏறிய ஊர்களில் கேன் தண்ணீர் போடுகிறவர்கள் வைத்திருக்கும் அதே ஆர்.ஓ. வித்தியாசமெல்லாம் அழுத்தத்தில்தான். உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஒரு சவ்வு வழியாகத்தான் இந்த மிஷின் நீரைத் தள்ளுகிறது. சவ்வுக்கு அந்தப் பக்கம் உப்பு கூடக்கூட அது நீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 2,000 டி.டி.எஸ். (லிட்டருக்கு 2 கிராம் உப்பு) உள்ள போர்வெல் தண்ணீரில் அந்தப் பிடி ஒன்றரை பார் போலத்தான் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), வீட்டு மிஷினின் சின்ன மோட்டாரே சமாளித்துவிடும். கடல்நீரில் அது 25 பாரைத் தாண்டிவிடும். பிடியை மீறித் தள்ளி, உருப்படியான அளவு நீரும் வர 55 முதல் 70 பார் வரை கொடுக்க வேண்டும். கார் டயரில் இருக்கிற காற்றழுத்தத்தைப் போல 25 மடங்குக்கு மேல். அவ்வளவு கொடுத்தும் நூறு லிட்டருக்கு 35, 40 லிட்டர்தான் நன்னீர். மிச்சம் உவர்ப்பு கூடிக் கடலுக்கே திரும்பிவிடும்.

துருவத்தில் குளிர் இங்கேயும் தலையிடும். நீர் குளிரக் குளிர அதன் கொழகொழப்பு ஏறும். 25 டிகிரியில் இருப்பதைப் போல பூஜ்யத்தில் இரண்டு மடங்கு. சவ்வின் நுண்துளையில் நுழைய அது மறுக்கிறது. ஒரு டிகிரி இறங்கினால் விளைச்சல் சுமார் 3 சதவீதம் குறையும் என்பது மிஷின்காரர்களின் கணக்கு. சென்னைக் கடலில் ஒரு நாளைக்கு 20 டன் தரும் மிஷினை அப்படியே அண்டார்டிகாவில் ஓட்டினால் பாதிகூடத் தேறாது. ஆகவே கடல்நீரை முதலில் இன்ஜின் சூட்டில் வெதுவெதுப்பாக்கிவிட்டு உள்ளே விடுகிறார்கள். ரொம்பவும் சூடாக்கிவிடக் கூடாது. சூடு ஏறினால் நீரோடு உப்பும் கொஞ்சம் கூடுதலாகக் கசியும், 45 டிகிரியைத் தாண்டினால் சவ்வே கெட்டுவிடும்.

வடிகட்டியை அடைக்கவும் அங்கே ஆட்கள் உண்டு. கோடை வெயிலில் கடல் முழுக்கப் பாசி பூக்கும், அதைத் தின்னக் கிரில் என்ற, இறால் போன்ற சின்ன உயிர் கூட்டமாக வரும். பனியாறு கடலில் இறங்கும் முகப்புக்குப் பக்கத்தில் நீர் பால் போல வெளுத்திருக்கும், பனியாறு பாறையை அரைத்த கல்மாவு அது. புதுத்தண்ணீர் வரும்போது காவிரி வண்டலில் கலங்கி வருகிற மாதிரிதான், ஆனால் இந்த மாவு இன்னும் நைசானது. ஆர்.ஓ.வுக்கு முன்னால் இருக்கும் 5 மைக்ரான் வடிகட்டிக் கார்ட்ரிட்ஜ் சீக்கிரமே அடைத்துவிடும். விவரமானவர்கள் அந்த இடத்தில் மிஷினை நிறுத்திவிட்டு, தெளிந்த நீருக்கு வந்த பின் ஓட்டுவார்கள்.

இரண்டாவது மிஷின் எவாப்பரேட்டர். டீசலில் இருக்கும் ஆற்றலில் பாதிக்கும் குறைவுதான் தண்டைச் சுழற்றப் பயன்படுகிறது. மிச்சம் புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் சூடாகப் போகிறது. இன்ஜினைச் சுற்றி வரும் நீர் 80 டிகிரியில் சும்மா கிடைக்கும்போது அதை வைத்துக் கடல்நீரைக் கொதிக்கவைக்க முடியுமா? சாதாரணக் காற்றழுத்தத்தில் முடியாது. கொடைக்கானலில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அங்கே காற்றழுத்தம் குறைவு. அதையே இன்னும் இழுத்துக்கொண்டு போய், பாத்திரத்துக்குள் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் 45 டிகிரியிலேயே கொதிக்கும். ஆவியைக் குளிர்ந்த கடல்நீர்க் குழாயில் படியவைத்தால் உப்பில்லாத நீர்.

உஷுவாயாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் பிடிக்கும். இன்ஜின் நல்ல சுமையில் ஓடும் நேரம், சூடு தாராளம். ஆனால் உலகின் முரட்டுக் கடல்களில் ஒன்று அது. கப்பல் உருளும்போது எவாப்பரேட்டருக்குள் உப்புநீர் தளும்பித் துளியாக ஆவியோடு போய்விடும். உப்புமானி அதைப் பிடித்துவிடும். வழக்கமாக 10 பிபிஎம்-ஐ (லிட்டருக்கு 10 மில்லிகிராம் உப்பு) தாண்டினால் வால்வு தானே திரும்பி அந்த நீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே தள்ளும். மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டியோ ஏறாது. மறுபக்கம், குளிர்க்கடலில் ஆவி மிக வேகமாகப் படிவதால் உள்ளே வெற்றிடம் அளவுக்கு மீறிக் கூடும், கொதிப்பு மூர்க்கமாகும், அப்போதும் உப்பு தாவும். குளிர்நீரைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் அடங்கும். 45 டிகிரியில் கிருமி சாகாது என்பதால் இந்த நீரையும் மருந்திட்டுத்தான் குடிக்க வேண்டும். இரண்டு மிஷின் நீரிலும் தாது மிகக் குறைவு. சுண்ணாம்புக்கல் படுகை வழியாக விடாவிட்டால் செப்புக் குழாயை அரித்துவிடும்.

அண்டார்டிகா போய்ச் சேர்ந்ததும் நிலைமை தலைகீழ். கப்பல் ஒரு விரிகுடாவில் நின்றுவிடும், பயணிகள் ரப்பர் படகில் கரைக்குப் போவார்கள். ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்பது விதி. இன்ஜின் மெதுவாக ஓடுகிறது, சூடும் குறைவு, எவாப்பரேட்டர் படுத்துவிடும். சரியாக அப்போதுதான் அந்த நூறு பேரும் விறைத்துப்போய்த் திரும்பி வருகிறார்கள். முதலில் பூட்ஸில் ஒட்டிய பென்குயின் எச்சத்தைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும். 2023-இல் பறவைக் காய்ச்சல் தெற்கு ஜார்ஜியா தீவை எட்டிய பிறகு இதில் கெடுபிடி அதிகம். அடுத்து எல்லோரும் வெந்நீர்க் குளியலுக்குப் போவார்கள்.

ஆளுக்குப் பத்து நிமிடம், நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் நூறு பேருக்கு 8,000 லிட்டர். அதை 5 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற்ற சுமார் 325 யூனிட். ஒரு மணி நேரத்துக்குள் வேண்டும் என்றால் 2 கிலோவாட் கீசர் 160 ஒரே சமயத்தில் ஓடுவதற்குச் சமம். அந்த நேரத்தில் அவ்வளவு சூட்டுக்கு எங்கே போவது? ஓடும்போது சேர்த்து வைப்பதுதான் வழி. மேட்டூரில் தேக்கிக் குறுவைக்குத் திறக்கிற மாதிரி, டிரேக்கிலேயே தொட்டிகளை நிரப்பி, வெந்நீர்த் தொட்டியையும் 60 டிகிரியில் வைத்துக்கொள்வார்கள்.

கப்பல் முழுக்க ஒரே குழாய்வரிசை. கடைமடைக் கேபினில் குழாயைத் திறந்தால் முதலில் வருவது குழாயிலேயே ஆறிப்போன நீர், அது தீரும்வரை திறந்துவிட்டால் நல்ல தண்ணீர் வீண். அதனால் வெந்நீர் ஒரு வளையமாக இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கும். திரும்பி வரும் நீர் 50 டிகிரிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. நடுத்தரச் சூட்டில் தேங்கிய நீர் லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமிக்கு விளைநிலம். ஆள் இல்லாத கேபின்களிலும் குழாயைத் திறந்து ஓடவிடுவது அதற்காகத்தான்.

தொட்டிகளைப் பற்றி ஒன்று. பாதி நிறைந்த தண்ணீர் லாரி வளைவில் எப்படி ஆட்டம் காட்டும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. எந்தத் தொட்டியும் முழுதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காலியாக. பல தொட்டிகள் ஒரே நேரத்தில் பாதியாகக் கிடந்தால் தளும்பும் நீர் கப்பல் சாயும் பக்கமே ஓடி நிலைத்தன்மையைக் குறைக்கும். இன்னொன்று, ஒவ்வொரு தொட்டிக்கும் மேல்தளத்தில் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அலை தெறித்து அதன் வாயில் பனி மூடிவிட்டால் தொட்டிக்குள் காற்று போகாது. அது தெரியாமல் பம்ப் நீரை இழுத்தால், உறிஞ்சின ஜூஸ் டப்பா மாதிரி இரும்புத் தகடே உள்ளே ஒடுங்கும். அந்தக் குழாய்களைச் சூடேற்றும் கம்பி சுற்றி வைப்பார்கள், அதோடு கண்ணாலும் பார்த்துக்கொள்வார்கள்.

கேபின் காற்றின் கதை தனி. வெளியே மைனஸ் 5 டிகிரிக் காற்றில் ஈரம் எவ்வளவு நிறைந்திருந்தாலும் கன மீட்டருக்கு மூன்று கிராம் சொச்சம்தான். அதையே 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மார்கழியில் மூன்று நாள் காயாத வேட்டி அங்கே ஒரே ராத்திரியில் காயும். உதடும் வெடிக்கும்.

உபயோகித்த நீர் போகும் பாதைக்குச் சட்டம் கடுமை. அண்டார்டிக் ஒப்பந்தத்தின் 1991-ஆம் ஆண்டு மாட்ரிட் நெறிமுறைப்படி, சுத்திகரிக்காத கழிவுநீரை நிலத்திலிருந்தோ பனித்தட்டிலிருந்தோ 12 கடல் மைலுக்குள் விடக் கூடாது. அதற்கு அப்பாலும் தொட்டியில் சேர்த்ததை ஒரேயடியாகக் கொட்டாமல், முடிந்தவரை 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்துக்குக் குறையாமல் ஓடிக்கொண்டே மெதுவாக விட வேண்டும். சுத்திகரிக்கும் தொட்டியில் வேலை செய்வதும் பாக்டீரியாதான், அதற்கும் சூடு வேண்டும். கேபின் கழிவறையில் யாராவது பிளீச்சைத் தாராளமாக ஊற்றினால் அந்தப் பாக்டீரியாக்கள் செத்துத் தொட்டி நாறத் தொடங்கும். சமையலறைக் கழிவை 25 மில்லிமீட்டருக்குள் அரைத்து அதே 12 மைலுக்கு அப்பால் விடலாம். கோழி மிச்சத்தை மட்டும் கிருமி நீக்காமல் விட முடியாது, அதைத் தனியாகக் கட்டி வைப்பார்கள்.

கழிவறை ஒரு தடவைக்கு ஒரு லிட்டர்தான் எடுத்துக்கொள்ளும், மிச்ச வேலையைக் குழாயிலிருக்கும் வெற்றிடம் செய்கிறது. அதனால்தான் ஒரு கேபினில் வரும் கோளாறு கப்பல் முழுக்கத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு வெற்றிட பம்ப் நிற்காமல் ஓடினால் எங்கோ ஒரு வால்வு மூடவில்லை என்று அர்த்தம். தளம் தளமாக வால்வை மூடிக்கொண்டே வர வேண்டும். எந்தத் தளத்தை மூடும்போது பம்ப் நிற்கிறதோ, ஆள் அங்கே போய் ஒவ்வொரு கதவாகக் காதை வைத்துக் கேட்பார். ஒன்றில் சீத்தென்று சத்தம் வரும். திறந்து பார்த்தால் வால்வின் ரப்பரில் மாட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் முகம் துடைக்கிற ஒரு ஈரத் தாள்.