சட்டைக்குள் துப்பாக்கி: பாதி வேலையைச் செய்வது உறைதான்

அமெரிக்காவில் சட்டைக்கு அடியில் கைத்துப்பாக்கியோடு காய்கறி வாங்கப் போகிறவர்கள் ஏராளம். 2024 நிலவரப்படி பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்குத் தனி அனுமதிச் சீட்டே தேவையில்லை. தனக்கென்று ஒரு சிறப்புக் காரணத்தை நிரூபித்தால்தான் உரிமம் என்றிருந்த நியூயார்க் சட்டத்தையும் 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இப்படிப் புதிதாக வாங்குகிறவர்கள் பலர், எந்தத் துப்பாக்கி என்று நாள்கணக்கில் அலசுவார்கள். அதை வைக்கும் உறையை, அதாவது ஹோல்ஸ்டரை, கிளம்பும் நேரத்தில் மலிவாக ஒன்று எடுத்துக்கொள்வார்கள். இது ஆபத்தான பழக்கம். ஏன் என்று புரிய, துப்பாக்கியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

மறைக்க வேண்டும் என்றதும் ஆகச் சிறியதைத் தேடுவது இயல்பு. ஆனால் உந்தம் அழியாது. சாதாரண 9 மில்லிமீட்டர் தோட்டாவின் குண்டு சுமார் 8 கிராம். நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதே உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். வெடிமருந்து வாயுவை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், முக்கால் கிலோ துப்பாக்கி கைக்குள் சுமார் 5.2 ஜூல் ஆற்றலோடு உதைக்கும். அரை கிலோ துப்பாக்கி 7.8 ஜூல். எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் உதை ஒன்றரை மடங்கு ஆகிறது. பிடியும் குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமில்லை. இரண்டாவது குண்டு எங்கே போகும் என்பது அப்போது சந்தேகம்தான். பாக்கெட்டில் அடங்கும் மிகச் சிறிய துப்பாக்கிகள் பழகியவர்களுக்குத்தான் சரி, புதியவர்களுக்கு அல்ல என்பது என் கருத்து.

2018-ல் வந்த சிக் சாவர் பி365 என்ற சிறு துப்பாக்கி இந்தச் சிக்கலை மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டியில், கைவைத்துத் தளர்த்தியது. அதுவரை மெல்லிய துப்பாக்கி என்றால் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசை. 2015-ல் வந்த க்ளாக் 43 அப்படித்தான். மேகசினில் 6 தோட்டாக்கள். தோட்டாவின் அடிப்பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அகலம், ஆக ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் உயரத்தைத் தின்னும். அவற்றை இடமும் வலமுமாகக் கொஞ்சம் விலக்கி அடுக்கினால்? உதாரணத்துக்கு 6 மில்லிமீட்டர் விலக்கினால், பித்தகோரஸ் கணக்குப்படி அடுத்தடுத்த தோட்டாக்களின் உயர இடைவெளி 8 ஆகக் குறைகிறது. 10 தோட்டாவுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் மிச்சம். பி365 இந்த வழியில்தான், அங்குலம் அகலமுள்ள உடம்போடு, மேகசினில் 10 தோட்டாக்களை அடக்கியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

அந்த 2 சென்டிமீட்டருக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? குழல் காற்சட்டைக்குள் தொடையோடு ஒட்டிக் கிடக்கும். அது சற்று நீண்டாலும் வெளியே தெரியாது. பிடிதான் இடுப்புப் பட்டைக்கு மேலே நின்று சட்டையைத் துருத்திக் காட்டும். இன்னும் சொல்லப்போனால் நீளமான குழல் உதவியே செய்கிறது. பட்டையை நடு அச்சாக வைத்து இதை ஒரு சீசா பலகை என்று நினையுங்கள்: கீழ்முனையை உடல் வெளியே தள்ளினால் மேல்முனை உள்ளே சாயும். உறையின் அடியில் ஒட்டும் ஆப்பு வடிவ ஸ்பாஞ்சுத் துண்டு இதற்காகத்தான். உறையின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கி இன்னொரு வேலை பார்க்கிறது. பட்டை அதை உள்நோக்கி அழுத்த, உறை சற்றே திரும்பி, பிடி வயிற்றோடு ஒட்டுகிறது. பட்டை தொளதொளவென்று இருந்தால் இரண்டும் வீண்.

சரி, ஆபத்து எங்கே இருக்கிறது? க்ளாக் போன்ற ஸ்ட்ரைக்கர் வகைத் துப்பாக்கியில், அதாவது வெளியே சுத்தியல் இல்லாமல் உள்ளிருக்கும் ஊசியே பாய்ந்து தோட்டாவை வெடிக்கவைக்கும் வகையில், மூன்று பாதுகாப்புத் தடைகள் உள்ளேயே உண்டு. கீழே விழுந்தால் வெடிக்காது. ஆனால் ட்ரிகர் முழுதாகப் பின்னால் போகும்போது மூன்றும் வரிசையாக விலகிவிடும். அதற்குத் தேவைப்படும் அழுத்தம் சுமார் இரண்டரை கிலோ. ஒரே இழுப்பில் சுத்தியலைப் பின்னால் இழுத்துச் சுடவும் செய்யும் பழைய இரட்டைச் செயல் ரிவால்வரில் ஏறக்குறைய இதன் இரு மடங்கு. ட்ரிகரை நகர்த்துவது விரலா, சட்டை நுனியா, ஜாக்கெட்டின் நாடா முடிச்சா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே இடுப்பில் இருக்கும்வரை ட்ரிகரைச் சுற்றி நிற்கும் கெட்டியான சுவரே உண்மையான காவல். அந்தச் சுவர் உறையினுடையது.

மெல்லிய தோலும் துணியும் இதனால்தான் மோசம். வியர்வையில் ஊறி மடிந்த தோல் விளிம்பு, துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது ட்ரிகர் வளையத்துக்குள் நுழைந்து அழுத்திவிடலாம். விமானங்களின் உட்புறத்துக்காக 1960-களில் வந்த கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் இன்று உறைகளில் கோலோச்சுகிறது. அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்தது. சூடாக்கினால் குழைந்து, அச்சில் அழுத்திக் குளிரவைத்தால் அந்த உருவிலேயே விறைத்துக்கொள்ளும். ட்ரிகர் வளையம் வரும் இடத்தில் சுவர் சிறிது உள்வாங்கியிருக்கும். துப்பாக்கி நுழையும்போது அந்த மேடு வளைந்து வழிவிட்டு, மீண்டும் நிமிர்ந்து ‘க்ளிக்’ என்று பிடித்துக்கொள்ளும். குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கி நழுவாது. எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கிற உறை எதிலும் இந்தப் பிடிப்பு கிடைக்காது. நல்ல கெட்டித் தோலை நான் ஒதுக்கவில்லை, அதன் வாய் தளராதவரை.

கைப்பையை மட்டும் அடியோடு ஒதுக்குகிறேன். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில், கடைக்கு வந்த தாயின் பையிலிருந்து 2 வயதுக் குழந்தை துப்பாக்கியை எடுத்தது. அது வெடித்துத் தாய் இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை அது. உடலைவிட்டுப் பை விலகும் நொடியில் துப்பாக்கியும் அல்லவா விலகிவிடுகிறது!

உறை வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை எளிது. மேகசினை எடுத்துவிட்டு, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் துப்பாக்கியை உறையில் செருகி, வெளியிலிருந்து ட்ரிகர் இருக்கும் பகுதியை அழுத்துங்கள். ட்ரிகர் துளி அசைந்தாலும் அந்த உறை வேண்டாம். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் விழக் கூடாது. தினமும் அணியும்போது, உறையைத் தனியே எடுத்து மேசையில் வைத்தே துப்பாக்கியைச் செருகி, பிறகு இரண்டையும் சேர்த்து இடுப்பில் மாட்டிக்கொள்வது மேல்; செருகும் அந்த நேரத்தில் குழல் தொடையைப் பார்த்திருக்காது.