சராசரி செல்லுனு ஒண்ணு கிடையாது

ஜீன் மாடலிங்தான் (எந்த ஜீன் எப்போ ஆன் ஆகி புரோட்டீன் செய்யும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது) என் வேலைன்னு சொன்னா உடனே வர்ற கேள்வி, "அப்போ எந்த ஜீன் ஆன், எது ஆஃப்னு கம்ப்யூட்டரே சொல்லிடுமா?" சொல்லும், தாராளமா சொல்லும், வம்பே அங்கதான். எதைக் கேட்டாலும் ஒரு நம்பரைத் துப்பிடும், தெரியாதுன்னு மட்டும் அதுக்குச் சொல்லத் தெரியாது.

நான் வேலைக்கு வந்த புதுசுல நடந்தது. ஈ.கோலி பாக்டீரியாவோட லாக்டோஸ் ஸ்விட்ச், அது ஆன் ஆச்சுனா செல் பச்சையா ஒளிர்ற மாதிரி செஞ்சு வச்சிருந்தாங்க. ரெப்ரெஸ்ஸர்னு ஒரு புரோட்டீன் டிஎன்ஏ மேல உக்காந்து ஜீனை அமுக்கி வச்சிருக்கும், லாக்டோஸ் மாதிரி ஒரு கெமிக்கலைச் சேத்தா அது பிடியை விட்டுடும். கெமிக்கலைக் கூட்டக் கூட்ட பச்சை எவ்ளோ ஏறுதுன்னு அளந்து குடுத்தாங்க. நான் ஹில் ஈக்வேஷனைப் போட்டேன் (டோஸ் ஏற ஏற விளைவு எப்படி ஏறும்னு சொல்ற சூத்திரம், 1910ல ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிக்கிறதை விளக்க ஹில்ங்கிற விஞ்ஞானி எழுதினது, இன்னைக்கும் எங்களுக்குச் சோறு போடுது), அதுல இருக்கிற நாலு பாராமீட்டரை, அதாவது நாம மாத்திக்கிற எண்களை, திருகினேன், கர்வ் புள்ளிகள் மேல அப்படியே போய் ஒட்டிக்கிச்சு. நடு டோஸ்ல ஜீன் பாதி ஆன்னு எழுதி, படத்தை எல்லாருக்கும் காட்டிட்டுத் திரிஞ்சேன்.

அதே சாம்பிளை ஒருத்தர் ஃப்ளோ சைட்டோமீட்டர்ல போட்டார், ஒவ்வொரு செல்லா லேசர் முன்னாடி ஓடவிட்டு அளக்கிற மெஷின் அது. ஸ்க்ரீன்ல ரெண்டு மேடு. இந்தப் பக்கம் இருட்டா ஒரு கூட்டம், அந்தப் பக்கம் பளிச்சுன்னு ஒரு கூட்டம், நான் "பாதி"ன்னு எழுதின இடத்துல செல்லே இல்ல, வெறும் பள்ளம்.

காரணம் ரொம்ப சிம்பிள். அந்தக் கெமிக்கலை உள்ள இழுக்கிற பம்ப் புரோட்டீனோட ஜீனும் அதே ஸ்விட்ச்லதான் இருக்கு. தற்செயலா கொஞ்சம் பம்ப் அதிகமா வந்துட்டா கெமிக்கல் கூட உள்ள வரும், அது ரெப்ரெஸ்ஸரைக் கழட்டும், இன்னும் பம்ப் வரும், அப்படியே போய் முழுசா ஆன். அந்த அதிர்ஷ்டம் அடிக்காத செல் ஆஃப்லயே கிடக்கும். டோஸைக் கூட்டும்போது ஒவ்வொரு செல்லும் கொஞ்சம் கொஞ்சமா ஏறல, ஏறின செல்களோட எண்ணிக்கைதான் ஏறுது. இதை நோவிக், வீனர்னு ரெண்டு விஞ்ஞானிகள் 1957லயே காட்டிட்டாங்க, அதாவது ஜேக்கபும் மோனோவும் இந்த ஸ்விட்ச் எப்படி வேலை செய்யுதுன்னு 1961ல விளக்கம் குடுக்கிறதுக்கும் முன்னாடியே. நான் படிக்காம விட்டிருந்தேன், அவ்ளோதான்.

இன்னொரு விஷயம், ஒரு செல்லுக்குள்ள இந்த லாக்டோஸ் ஸ்விட்சோட ரெப்ரெஸ்ஸர் மொத்தமே ஏறக்குறைய 10தான் இருக்கு. அளவு எப்படி மாறுதுன்னு தொடர்ச்சியா கணக்கு போடுற சாதாரண டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் அதை ஏதோ தண்ணில கரைஞ்ச உப்பு மாதிரி நினைச்சுக்கிட்டு 0.3 மாலிக்யூல் பிடிச்சிருக்குன்னு கணக்கு போடும். இங்கதான் கில்லெஸ்பிங்கிற விஞ்ஞானி 1977ல எழுதின முறை கைகொடுக்கும்: ஒவ்வொரு தடவையும் ரெண்டு கேள்வி, அடுத்த சம்பவம் எப்போ, அது எந்த சம்பவம், ரெண்டுக்கும் பகடை உருட்டி முடிவு பண்ணணும். ஓட்ட நேரம் ஆகும், ஆனா ஆயிரம் தடவை ஓட்டினா ஆயிரம் செல்லோட கதை கிடைக்கும், அந்த ரெண்டு மேடும் தானா வந்து நிக்கும்.

இதுக்காக மாடலே வேஸ்ட்னு சொல்லல. 2000ல எலோவிட்ஸ், லைப்லர்னு ரெண்டு விஞ்ஞானிகள் மூணு ரெப்ரெஸ்ஸர் ஜீனை ஒண்ணை ஒண்ணு அமுக்குற மாதிரி வட்டமா கோத்தாங்க, ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு கடிகாரம் மாதிரி ஆடணும்னு ஆசை. புரோட்டீன் ரொம்ப நேரம் அழியாம நின்னா ஆட்டம் அடங்கிடும், எம்ஆர்என்ஏ (புரோட்டீன் செய்யறதுக்காக ஜீன்லேர்ந்து எடுக்கிற நகல்) அழியுற வேகத்துக்குப் பக்கத்துல அதுவும் அழியணும்னு மாடல் சொல்லுச்சு. சீக்கிரம் அழியட்டும்னு புரோட்டீனுக்கு ஒரு வால் ஒட்டினாங்க, செல்லுங்க மினுக்மினுக்குன்னு ஆடுச்சு, ஆனா எல்லா செல்லும் இல்ல, ஆடினதும் ஒரே தாளத்துல இல்ல. எனக்கு அந்த ஒழுங்கில்லாத படம்தான் ரொம்பப் பிடிக்கும்.

இப்போ புரோட்டீனோட வடிவத்தைக் கணிக்கிற ஆல்ஃபாஃபோல்ட்ங்கிற ஏஐ வந்தப்புறம் "புரோட்டீனோட வடிவமே தெரிஞ்சிடுச்சே, அப்புறம் என்ன"ங்கிறாங்க. வடிவம் தெரியும் சரி, அது டிஎன்ஏல எவ்ளோ நேரம் உக்காரும், எத்தனை காப்பி இருக்கு, கூட யார் உக்காந்தா யார் எழுந்திரிப்பாங்க, இதெல்லாம் வடிவத்துல எழுதியிருக்காது. மனுஷ ஜீனோம்ல மட்டும் இந்த மாதிரி ஸ்விட்ச் போடுற புரோட்டீன் சுமார் 1,600 இருக்கு.

அதனால "இந்த ஜீன் 50 சதவீதம் ஆன்"னு ஒரு ஸ்லைடு உங்க முன்னாடி வந்தா, எல்லா செல்லும் பாதியா இல்ல பாதி செல் முழுசான்னு கேட்டுப் பாருங்க. பதில் சொல்ல அவங்க லேப்டாப்ல இன்னொரு படத்தைத் தேட ஆரம்பிச்சா நல்லது, கர்வையே திருப்பிக் காட்டினா என்னோட அந்தப் பழைய படம்தான் அது.