எரிப்பு முகவரிக்குச் சாவி உண்டா?

2014 ஜனவரியில் கவுன்டர்பார்ட்டி என்னும் கிரிப்டோ திட்டம் தொடங்கப்பட்டபோது, அதன் புதிய நாணயத்தை யாரும் யாருக்கும் விற்கவில்லை. அதைப் பெற விரும்பியவர்கள் குறிப்பிட்ட ஒரு பிட்காயின் முகவரிக்குத் தங்கள் பிட்காயினை அனுப்பினார்கள். அனுப்பிய அளவுக்கேற்பப் புதிய நாணயம் அவர்கள் கணக்கில் ஏறியது. அனுப்பிய அந்தப் பிட்காயின், கவுன்டர்பார்ட்டியைத் தொடங்கியவர்களின் கைக்கும் போகவில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் 2,100-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் அந்த முகவரியில் சேர்ந்தன. அவற்றில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் எடுத்ததில்லை. இத்தகைய முகவரியையே ‘பர்ன் அட்ரஸ்’, அதாவது எரிப்பு முகவரி என்கிறார்கள்.

எரிப்பு என்று சொன்னாலும் அங்கே எதுவும் எரிவதில்லை. பிட்காயின் என்பது ஒரு பொதுப் பதிவேட்டில் உள்ள வரிதான். இந்த முகவரிக்கு உரிய சாவியால் கையொப்பமிடுபவர் இவ்வளவு தொகையைச் செலவிடலாம் என்பதே அந்த வரியின் பொருள். எரிப்பு முகவரிக்கு அனுப்பிய தொகை பதிவேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அப்படியே இருக்கிறது. அதற்கான கையொப்பத்தை யாராலும் போட முடியாது என்று எல்லோரும் நம்புகிறார்கள், அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கு என்ன அடிப்படை என்பதை அறிய, முகவரி எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிரைவேட் கீ எனப்படும் தனிச்சாவி வெறும் ஓர் எண். 1-இல் தொடங்கி, 2-இன் 256-ஆம் அடுக்குக்குச் சற்றே குறைவான ஓர் எல்லை வரை உள்ள எண்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த எல்லை 78 இலக்கம் கொண்டது. இந்த எண்ணைக் கொண்டு நீள்வட்ட வளைகோடு ஒன்றின் மீதுள்ள நிலையான புள்ளியைப் பெருக்கினால், அதே வளைகோட்டில் வேறொரு புள்ளி கிடைக்கிறது, அதுவே பொதுச்சாவி. இந்தப் பெருக்கலைக் கணினி நொடியில் ஆயிரக்கணக்கான முறை செய்துவிடும். ஆனால் புள்ளியைக் கொடுத்து எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னால், இன்றுள்ள கணினிகளுக்கு நடைமுறையில் வழி கிடையாது. அதன் பின் பொதுச்சாவி எஸ்ஹெச்ஏ-256, ரைப்எம்டி-160 என்னும் இரண்டு ஹாஷ் சார்புகளின், அதாவது எந்தத் தரவையும் திரும்ப மீட்க முடியாத, நிலையான நீளமுள்ள சுருக்கமாக மாற்றும் கணக்குகளின் வழியே செல்கிறது. வெளியே வருவது 160 பிட் நீளமுள்ள சுருக்கம். அதனுடன் பதிப்பைக் குறிக்கும் ஒரு பைட்டும், தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்கான நான்கு பைட் சரிபார்ப்புக் குறியும் சேர்க்கப்பட்டு, 58 எழுத்துகள் கொண்ட முறையில் எழுதப்படுகின்றன. பூஜ்யமும், அதைப் போலத் தோன்றும் பெரிய ‘ஓ’வும், ஒன்றோடொன்று குழம்பும் பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும் அந்த 58-இல் இடம்பெறுவதில்லை.

சாவியிலிருந்து முகவரிக்கு வரும் பாதை இது. எரிப்பு முகவரியை உருவாக்குபவர்கள் பாதையின் நடுவில் புகுந்து நேரே முகவரியை எழுதிவிடுகிறார்கள். ‘பிட்காயின் ஈட்டர் அட்ரஸ் டோன்ட் சென்ட்’ என்ற ஆங்கிலச் சொற்களையே உடலாகக் கொண்ட புகழ்பெற்ற முகவரி ஒன்று உண்டு. அதில் பதிப்பைக் குறிக்கும் முதல் எழுத்தை அடுத்து வரும் 27 எழுத்துகள் மனிதர் விரும்பி எழுதியவை. கடைசி ஆறு எழுத்துகள் மட்டும் பொருளற்ற குவியல். சரிபார்ப்புக் குறி முன்னுள்ள எழுத்துகளைக் கொண்டு கணக்கிடப்படுவதால், அதை மட்டும் விருப்பம்போல் எழுத முடியாது. கவுன்டர்பார்ட்டியின் முகவரியும் அப்படித்தான்: திட்டத்தின் பெயர், பின்னர் வரிசையாக ‘எக்ஸ்’ எழுத்துகள், இறுதியில் ஆறு எழுத்துகள். மனிதர் எழுதிய பகுதி இவ்வளவு நீளமாக இருப்பதே, முகவரி சாவியிலிருந்து பிறக்கவில்லை என்பதற்கான சான்று. சாவிகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி முயன்று விரும்பிய பெயரில் தொடங்கும் முகவரியைப் பெறும் வழக்கமும் இருக்கிறது. ஆனால் கூடுதலாக ஓர் எழுத்து பொருந்த வேண்டுமானால் முயற்சி ஏறத்தாழ 58 மடங்கு பெருகும். ஏழெட்டு எழுத்துகளைப் பொருத்துவதற்கே வலிமையான கணினிகள் வேண்டும் என்னும்போது, 27 எழுத்துகளை அப்படிப் பொருத்தியிருக்க ஒருவராலும் முடியாது. ஆகவே இந்த முகவரி சாவியிலிருந்து வந்ததல்ல என்று முகவரியைப் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடலாம்.

அப்படியானால் இதற்குச் சாவியே இல்லையா? இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சாவிகள் ஏறத்தாழ 2-இன் 256-ஆம் அடுக்கு. ஹாஷ் சுருக்கங்களோ 2-இன் 160-ஆம் அடுக்கு மட்டுமே. எனவே சராசரியாக ஒவ்வொரு முகவரிக்கும் 2-இன் 96-ஆம் அடுக்கு அளவிலான, அதாவது 29 இலக்க எண்ணிக்கையிலான சாவிகள் பொருந்தும். ஹாஷ் சார்பு வெளியீடுகளைச் சீராகப் பரப்புகிறது என்று கொண்டால், எரிப்பு முகவரிகளும் இதற்கு விலக்கல்ல. கவுன்டர்பார்ட்டியின் 2,100 பிட்காயின்களைத் திறக்கும் சாவிகள் கோடானுகோடி இருக்கின்றன. எவை அவை என்றுதான் யாருக்கும் தெரியாது. ஒரு நொடிக்கு 1-க்குப் பின் 21 பூஜ்யம் போட்ட அளவு சாவிகளைச் சோதிக்கும் இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், 160 பிட் வெளியை ஒருமுறை சுற்றிவர ஆகும் காலம், 1,380 கோடி ஆண்டுகள் என்று கணிக்கப்பட்டுள்ள பிரபஞ்சத்தின் வயதைப்போல் ஏறத்தாழ 300 கோடி மடங்கு. எரிப்பு முகவரிக்குப் பாதுகாப்புத் தருவது சாவி இல்லாமை அன்று, தேடலின் நீளம்.

சாவியே இருக்க முடியாத ஒரு நிகழ்வும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அது திட்டமிட்டு நடந்ததல்ல. 2011 அக்டோபரில் மவுன்ட் காக்ஸ் பரிமாற்றகத்தின் மென்பொருளில் நேர்ந்த கோளாற்றால், 20 பைட் ஹாஷ் இருக்க வேண்டிய இடத்தில் வெற்று மதிப்பு எழுதப்பட்டு 2,609 பிட்காயின்கள் அனுப்பப்பட்டன. எந்தப் பொதுச்சாவியைக் கொடுத்தாலும் ஹாஷ் விடை 20 பைட்டாகத்தான் வரும்; அது வெற்று மதிப்புக்கு ஒருபோதும் சமமாகாது. ஆகவே அந்தத் தொகையைச் செலவிடும் நிபந்தனையை எந்தச் சாவியாலும் நிறைவேற்ற முடியாது. வேண்டுமென்றே எரித்தவர்களின் முகவரிகள் நிகழ்தகவை நம்பியிருக்க, பிழையால் எரிந்த இந்தத் தொகைக்கு மட்டும் தர்க்கமே காவலாக நிற்கிறது.

தொலைந்த சாவி இந்த இரண்டிலும் சேராது. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட்டில் 2013-இல் குப்பைக் கிடங்குக்குப் போன வன்வட்டில் ஏறத்தாழ 8,000 பிட்காயின்களின் சாவி இருந்ததாக அதன் உரிமையாளர் கூறுகிறார். பதிவேட்டைப் பார்ப்பவருக்கு அவை தூங்கும் காசா, தொலைந்த காசா என்று பிரித்தறிய வழியில்லை. எரித்ததை எரித்ததாகக் காட்ட வேண்டுமானால், சாவியை அழித்துவிட்டேன் என்று சொன்னால் போதாது. சாவி தன்னிடம் ஒருபோதும் இருந்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும்.

முகவரியின் தோற்றத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. பிட்காயினைப் போன்ற இன்னொரு கிரிப்டோ வலையமைப்பான எத்தீரியத்தின் முகவரிகளில் பூஜ்யங்கள் நிறைந்தவையும், எண்ணெழுத்துகளால் ‘டெட்’ என்று முடிபவையும் எரிப்பு முகவரிகளாகப் பயன்படுகின்றன. ஆனால் விண்டர்மியூட் என்னும் வர்த்தக நிறுவனம், கட்டணத்தைச் சேமிப்பதற்காகப் பூஜ்யங்களில் தொடங்கும் முகவரி ஒன்றை உண்மையான சாவியுடன் வைத்திருந்தது. அதை உருவாக்கிய புரொஃபானிட்டி என்னும் கருவி, தன் தேடலை 32 பிட் தற்செயல் எண்ணிலிருந்து தொடங்குவது. அதாவது தொடக்கப் புள்ளிகள் 430 கோடிக்கும் குறைவு. 78 இலக்க வெளி அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டால் திருடனுக்கு வேலை எளிது. 2022 செப்டம்பரில் அந்நிறுவனம் ஏறத்தாழ 16 கோடி டாலரை இழந்தது. வளைகோட்டின் கணிதத்தை யாரும் உடைக்கவில்லை. சாவியைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் ஓட்டை இருந்தது. அதேபோல், தனிச்சாவி எண் 1-க்கு உரிய முகவரியும் பார்வைக்குச் சாதாரணமானதே. அங்கே பணம் போட்டால், காத்திருக்கும் நிரல்கள் உடனே வாரிக்கொண்டு போய்விடும்.

முகவரியே தேவைப்படாத எரிப்பு முறைகளும் இருக்கின்றன. பிட்காயினில் ‘ஓபி ரிட்டர்ன்’ என்னும் கட்டளையுடன் எழுதிய தொகையைச் செலவிட முடியாது என்பதை விதியே சொல்கிறது. ஆகவே பதிவேட்டின் நகலை வைத்திருக்கும் கணினிகளான கணுக்கள் அதைச் செலவிடத்தக்கவற்றின் பட்டியலில் சுமக்க வேண்டியதில்லை. எரிப்பு முகவரிக்கு அனுப்பியதோ அந்தப் பட்டியலில் என்றென்றும் கிடந்து இடத்தை அடைக்கும். எத்தீரியத்தில் 2021 ஆகஸ்டில் வந்த லண்டன் மேம்படுத்தலுக்குப் பின், ஒவ்வொரு பரிவர்த்தனையின் அடிப்படைக் கட்டணமும் எந்த முகவரிக்கும் போகாமல் கணக்கிலிருந்தே கழிக்கப்படுகிறது; அவ்வாறு எத்தீரியத்தின் நாணயமான ஈதர் 40 லட்சத்துக்கும் மேல் மறைந்திருக்கிறது. எத்தீரியத்தின் மீது ஒப்பந்தம் எனப்படும் நிரலால் உருவாக்கப்படும் நாணயங்களான டோக்கன்களில் இந்த வேறுபாட்டைக் கவனிப்பது முக்கியம். 2021 மே மாதத்தில் எத்தீரியத்தை நிறுவியவர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டரின், தமக்குக் கேட்காமலே அனுப்பப்பட்டிருந்த ஷிபா இனு டோக்கன்களில் ஏறத்தாழ 410 லட்சம் கோடியைச் சாவியற்ற முகவரி ஒன்றுக்கு அனுப்பினார். அவை யாருக்கும் பயன்படாமல் போயின. ஆனால் இப்படி முகவரிக்கு அனுப்புவதால் மட்டும் ஒப்பந்த நிரலில் பதிவாகியுள்ள மொத்த எண்ணிக்கை குறைவதில்லை. அது குறைய, நிரலிலேயே எரிப்புக்கான கட்டளை இயங்க வேண்டும்.

குவான்டம் கணினி வந்தால் எரிந்த காசு உயிர்த்தெழுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. குவான்டம் கணினிக்கான ஷோர் வழிமுறை பொதுச்சாவியிலிருந்து தனிச்சாவியைக் கணிக்கவல்லது. ஆனால் எரிப்பு முகவரிக்குப் பின்னால் யாரும் வெளியிட்ட பொதுச்சாவி கிடையாது. இருப்பது ஹாஷ் மட்டுமே. ஹாஷைத் தேட உதவும் குரோவர் வழிமுறை 2-இன் 160-ஆம் அடுக்கை 2-இன் 80-ஆம் அடுக்காகக் குறைக்கும் என்றாலும், ஒவ்வொரு படியும் முந்தைய படி முடியக் காத்திருக்க வேண்டியிருப்பதால் அதுவும் கைக்கு எட்டாத வேலையே. மாறாக, 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ ஈட்டியதாகக் கருதப்படும் ஏறத்தாழ 10 லட்சம் பிட்காயின்களில் பெரும்பாலானவற்றின் பொதுச்சாவிகள் ஹாஷ் செய்யப்படாமல் பதிவேட்டில் அப்படியே எழுதப்பட்டுள்ளன. ஷோர் வழிமுறையை இயக்கும் அளவுக்குப் பெரிய இயந்திரம் என்றேனும் வந்தால், அது முதலில் திறக்கக்கூடியது அந்தப் பெட்டகங்களைத்தான். கவுன்டர்பார்ட்டியின் 2,100 பிட்காயின்களை அன்று.