உள்ளங்காலுக்குத் தெரியும்

தை மாதத்தில் நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு மதிய நேரத்தில் பேருந்தில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். பழனிக்கு நடப்பவர்கள் சாலையோரத்து வெள்ளைக்கோட்டின் மேல், ஒருவர் பின் ஒருவராக, வரப்பில் நடப்பதுபோல் அடிவைத்துப் போவார்கள். கறுத்த தார் வெயிலின் பெரும்பகுதியை விழுங்கி வைத்துக்கொள்கிறது. வெள்ளைப் பூச்சு அதில் கணிசமானதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு சாண் அகலம்கூட இல்லாத அந்தக் கோட்டை உள்ளங்கால்தான் முதலில் கண்டுபிடிக்கும். கண் அப்புறம்தான் பார்க்கும்.

காரைக்குடிப் பக்கமிருந்து எங்கள் ஊர்க்காரர்களோடு நான்கு முறை நடந்திருக்கிறேன். 150 கிலோமீட்டருக்கு மேல், எல்லாம் வெறுங்காலில். முதல் தடவை இரண்டாம் நாளே இரண்டு முன்பாதமும் கொப்பளித்துவிட்டது. "பழக்கமில்லாத கால், போகப்போக மரத்துப்போயிடும்" என்று கூட வந்தவர்கள் தேற்றினார்கள். வெகுநாள் நானும் அப்படித்தான் நம்பினேன். வெறுங்காலில் நடந்து பழகியவர்களுக்குத் தோல் தடித்து உணர்ச்சி குறைந்துவிடுகிறது, அதனால் வலிப்பதில்லை என்று.

அது தவறு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மனும் உடனிருந்தவர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வுக்காகக் கென்யாவில் செருப்பில்லாமலே வாழ்பவர்களின் பாதங்களை அல்ட்ராசவுண்டில் அளந்து, செருப்பு போடுபவர்களின் பாதங்களோடு ஒப்பிட்டார்கள். வெறுங்கால்காரர்களுக்குக் காய்ப்பின், அதாவது தடித்துப்போன தோலின், தடிமன் சுமார் 30 சதவீதம் கூடுதல். ஆனால் அதிர்வை உணரும் திறன் இம்மியும் குறையவில்லை. காய்ப்பு கெட்டியான பொருள். தரையில் படுவதை அப்படியே உள்ளே இருக்கும் நரம்பு முனைகளுக்குக் கடத்திவிடுகிறது. மெத்தென்ற ஷூ அட்டை அந்தச் செய்தியை வழியிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. காய்த்த காலுக்குக் கல்லும் தெரியும், முள்ளும் தெரியும். தெரிந்த மறுகணம் எடையை வேறு இடத்துக்கு மாற்றவும் தெரியும். அனுபவசாலிகள் காயப்படாமல் போவதன் ரகசியம் பாதி இதில்தான் இருக்கிறது.

இனி கொப்புளத்துக்கு வருவோம். காலை ஊன்றும்போது தோலின் மேற்பரப்பு தரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு முன்னோக்கி நகர்கிறது. நடுவில் மாட்டிய தோலடுக்குகள் ஒவ்வோர் அடியிலும் இழுபடுகின்றன. ஒரு கட்டத்தில் மேல்தோலுக்குள்ளேயே ஓர் அடுக்கு கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் ஊறுகிறது. மெல்லிய தோலாக இருந்தால் உரிந்தே போயிருக்கும். உள்ளங்காலில் மேலடுக்கு தடிமன் என்பதால் கூரைபோல் நின்றுவிடுகிறது. முற்றிலும் உலர்ந்த தோல் வழுக்கும், சொட்டச்சொட்ட நனைந்ததும் ஓரளவு வழுக்கும். லேசான ஈரம்தான் நன்றாகப் பற்றிக்கொள்ளும், அதுதான் கொப்புளத்துக்குத் தோது. வழியில் ஊர் மக்கள் அன்போடு குடம் குடமாகக் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தச் சுகத்தோடு அப்படியே தாரில் ஏறிவிடாதீர்கள். உட்கார்ந்து, விரலிடுக்கு வரை துண்டால் துடைத்துக்கொண்டு கிளம்புங்கள். நான் இரண்டாம் நாளே கொப்பளித்து உட்கார்ந்தது இதைச் செய்யாததால்தான்.

சூடு இன்னொரு கணக்கு. மாரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பயன்படுகிறது. 44 டிகிரி செல்சியஸ் சூடு தோலைச் சுட ஏறக்குறைய 6 மணி நேரம் வேண்டும். 60 டிகிரிக்கு 5 விநாடி போதும். உச்சிவெயிலில் தார்ச்சாலை 60ஐத் தொடக்கூடியதுதான். பாதத்தின் தடித்த தோல் கொஞ்சம் கூடுதல் அவகாசம் தரும், அவ்வளவே. நடக்கும்போது ஒரு கால் தரையில் இருப்பது ஒரு விநாடிக்கும் குறைவு, அதனால் தப்பிக்கிறோம். மோர் வாங்குவதற்காகத் தாரிலேயே நிற்கும்போதுதான் சுட்டுவிடும். கோயில் பிராகாரத்துக் கருங்கல் இன்னும் மோசம். மரப்பலகையும் கருங்கல்லும் ஒரே சூட்டில் இருந்தாலும், கல் தன் சூட்டை வேகமாகக் காலுக்குள் தள்ளும். கோடையில் பிராகாரத்தில் தென்னைநார் விரிப்பைப் போட்டு நனைத்து வைக்கிறார்களே, அந்த ஏற்பாட்டைச் செய்தவரை நான் மனதார வணங்குவேன். சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் சாதாரணத் தண்ணீரில் காலை வையுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம்.

கொப்புளம் வந்தாயிற்று, இனி என்ன? அதன் கூரையைப் பிய்க்காதீர்கள். உள்ளே நடக்கும் வேலை அவ்வளவு துரிதமானது. 6 மணி நேரத்திலேயே அடித்தளத்துச் செல்கள் புதுத் தோலுக்கான மூலப்பொருளை உள்ளிழுக்கத் தொடங்குகின்றன. 24 மணி நேரத்தில் செல்கள் மும்முரமாகப் பிரிகின்றன. 48 மணி நேரத்தில் நடு அடுக்கு தெரியத் தொடங்கும். 120 மணி நேரத்தில், அதாவது 5 நாளில், மேலே மெல்லிய புதுக் கவசம் வந்துவிடும். இவ்வளவும் கூரைக்கடியில் கிருமி புகாமல் நடக்க வேண்டும். கால் ஊன்ற முடியாத அளவு பெரிதாக இருந்தால், கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிட்டு, தோலை அப்படியே படியவைத்துக் கட்டலாம். 5 நாளில் வந்த அந்தப் புதுத்தோல் கூசும். அதை நம்பித் தாரில் இறங்கக் கூடாது.

முள் என்றால் எனக்கு அப்பத்தாதான் நினைவுக்கு வருவார். கண்மாய்க் கரையில் விளையாடி, சீமைக்கருவேல முள் குதிகாலில் ஏறி, நொண்டிக்கொண்டு வருவேன். திண்ணையில் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பெருவிரல் இரண்டாலும் பக்கவாட்டில் அமுக்கிப் பார்ப்பார். எந்தச் சாய்வில் அமுக்கும்போது நான் கத்துகிறேனோ அதை வைத்து முள் போன வழியைக் கண்டுபிடிப்பார். "குத்துன வழியிலயே தான்டா வரணும். குறுக்க இழுத்தா உள்ள முறிஞ்சு நின்னுக்கும்" என்பார். ஊக்கின் முனையை விளக்கில் காட்டி ஆறவிட்டு, மேல்தோலை மட்டும் நெம்பி, முள்ளின் தலை தெரிந்ததும் நகத்தால் பிடித்து நேராக உருவுவார். அவ்வளவும் இன்றைய மருத்துவருக்கும் சம்மதமான முறை. அதன்பின் துளையில் காய்ச்சிய எண்ணெயை விடுவாரே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும்.

காரணம் இருக்கிறது. ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் விதைகள் மண்ணிலும் சாணத்திலும் வருடக்கணக்காகக் கிடக்கும். காற்றுப்பட்டால் அவை முளைக்காது. ஆழமாகக் குத்தி வாய் மூடிக்கொண்ட காயம் காற்றில்லாத இடம், அங்கேதான் விழித்து நஞ்சைக் கக்கும். துருப்பிடித்த ஆணி என்று பயப்படுகிறோமே, துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆணியில் ஒட்டிய மண்தான் விஷயம், பளபளப்பான புது முள்ளும் அதே வேலையைச் செய்யும். மண்பட்ட ஆழமான காயம் என்றால், கடைசியாக ரணஜன்னிக்கான டிடி தடுப்பூசி போட்டு 5 வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

முள்ளை எடுத்த பிறகும் ஒரு வாரமாக அந்த இடம் வலித்தால் உள்ளே துண்டு நிற்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். மூட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்ட முள் மாதக்கணக்கில் வீங்கவைக்கும். தொடையிடுக்கில் நெறி கட்டினால், காலில் நுழைந்த கிருமியோடு அங்கே நிணநீர் முடிச்சு சண்டை போடுகிறது என்று அர்த்தம். கூடவே காய்ச்சலோ, காயத்திலிருந்து மேலேறும் சிவந்த கோடோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பித்தவெடிப்புக்கும் பித்தத்துக்கும் உறவில்லை. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி ஏராளம், எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூட இல்லை. காய்ந்த தடித்தோல் எடை தாங்காமல் வெடிக்கிறது. இரவில் கால் கழுவி, ஈரம் முழுதாகக் காயுமுன் தேங்காய் எண்ணெயோ யூரியா கலந்த களிம்போ தடவி, பருத்திக் காலுறை போட்டுத் தூங்கினால் சில வாரத்தில் மூடும்.

இன்னொன்று, பலர் தெரியாமல் மாட்டிக்கொள்வது. தோல் சில வாரத்தில் காய்த்துவிடும், எலும்புக்கு மாதங்கள் வேண்டும். கால் பழகிவிட்டது என்று தூரத்தைத் திடீரெனக் கூட்டினால் முன்பாத எலும்பில் மயிரிழை விரிசல் விழும். ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலிக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. ஆற 6 முதல் 8 வாரம் ஓய்வு வேண்டும், குறுக்குவழி கிடையாது.

மேலே சொன்ன எல்லாமே வலி தெரியும் காலுக்குத்தான். எங்கள் பெரியப்பாவுக்கு வலி தெரியாது. நீண்டகாலச் சர்க்கரை. ஒரு வருடம் எங்களோடு நடந்தவர், சத்திரத்தில் இரவு கால் நீட்டியபோது பாயில் ரத்தம் இருந்தது. ஜல்லித் துண்டு ஒன்று முன்பாதத்தில் ஏறி, அதன் மேலேயே காலையிலிருந்து நடந்திருக்கிறார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது.

இதை முதலில் தெளிவாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார். நோய் சதையைத் தின்கிறது என்று உலகம் நம்பியபோது, உணர்ச்சி போனதால் அவர்களே அறியாமல் காலைச் சிதைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார். நல்ல கால் நோகத் தொடங்கியதும் தானாகவே நடையை மாற்றும், நொண்டும், எடையைப் பகிர்ந்துகொள்ளும். மரத்த கால் அதே இடத்தை அதே அழுத்தத்தில் ஆயிரம் முறை ஊன்றும். வேலூரில் பல பொருட்களில் செருப்பு செய்து பார்த்து மைக்ரோசெல்லுலார் ரப்பருக்கு வந்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளும். வருடம் ஒருமுறை மருத்துவரிடம் நைலான் இழைச் சோதனை செய்துகொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழை தொடுவது தெரியவில்லை என்றால் பாதம் காவலை இழந்துவிட்டது. தினமும் இரவில் புறங்கையால் இரண்டு பாதங்களையும் தடவிப் பாருங்கள். புண் வருவதற்கு முன்பே அந்த இடம் சூடாகும். மறுபாதத்தின் அதே இடத்தைவிட 2 டிகிரி கூடுதலாகச் சுட்டால் அங்கே சேதம் தொடங்கிவிட்டது.

பெரியப்பாவின் கால்களை இப்போது பெரியம்மாதான் தடவிப் பார்க்கிறார். தைப்பூசத்துக்கு அவர் இப்போதும் எங்களோடு வருகிறார், எம்.சி.ஆர். செருப்போடு, திண்டுக்கல்லில் இருந்து மட்டும். பழனியில் 693 படியை நாங்கள் ஏற, அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தடித்த காலுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு, கல் சூடேறுமுன் மலையேறும் இழுவை ரயிலான விஞ்ச்சில், முதல் நடையிலேயே மேலே போய்விடுகிறார். நாங்கள் மூச்சு வாங்க ஏறி வரும்போது, விபூதி பூசிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்.