ஹூலா: நடனமா, கூத்தா?

ஹூலா என்றதும் நம்மில் பலருக்கு இடுப்பில் சுழற்றும் பிளாஸ்டிக் வளையம்தான் நினைவுக்கு வரும். அது 1958இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த விளையாட்டுப் பொருள். ஹவாய்த் தீவுகளிடமிருந்து பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டது.

ஹவாய் மொழியில் ஆட்டமும் ஹூலா, ஆடுபவரும் ஹூலா, ஆட்டத்துக்கான பாட்டும் ஹூலா. 'மெலே' எனும் பாட்டு இல்லாமல் ஹூலா இல்லை. பாட்டின் பொருளைக் கைகள் சொல்லும். கற்றுத்தருபவர் 'குமு'. அடிமரம், மூலம் என்றும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. பழைய பாணியில் முழங்காலை மடித்துத் தாழ்ந்து ஆடுவார்கள். பரதநாட்டியத்தின் அரைமண்டியில் நின்று தொடை கடுத்தவர்களுக்கு அந்தப் பாடு புரியும்.

இந்தச் சொல் இப்போது இதய மருத்துவத்திலும் புழங்குகிறது. ஹவாய்ப் பூர்வகுடிகளிடம் உயர் ரத்த அழுத்தம் அதிகம். அவர்களில் 263 பேரைக் கொண்டு 'காஹோலோ' என்ற ஆய்வு நடந்தது, பெரும்பான்மையோர் பெண்கள். எல்லோருக்கும் இதய நலப் பாடம் நடத்தி, ஒரு பாதியினருக்கு மட்டும் முதல் 3 மாதம் வாரம் இருமுறை, ஒரு மணி நேரம் ஹூலா கற்பித்தார்கள். 6 மாத முடிவில் ஆடியவர்களின் ரத்த அழுத்தத்தில் மேல் எண் சராசரியாக 15 புள்ளி இறங்கியிருந்தது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 12. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் பாட்டன் பூட்டன் ஆடியதை ஆட யாரையும் கெஞ்சி அழைக்க வேண்டியதில்லையே!

தமிழில் இதை 'ஹூலா நடனம்' என்று எழுதிவிடுகிறார்கள். நடனம் என்றால் பாட்டும் கதையும் வெளியே நின்றுவிடுகின்றன. ஆட்டம், பாட்டு, கதை மூன்றையும் ஒன்றாகச் சுமக்கும் சொல் நம்மிடம் உண்டு: கூத்து. இரண்டும் பட்ட இழிவிலும் ஒற்றுமை இருக்கிறது. கிறித்தவத்தைத் தழுவிய அரசி காஅஹுமனு 1830இல் பொது இடங்களில் ஹூலாவைத் தடைசெய்தார். 1883இல் மன்னர் கலாகௌவா தம் முடிசூட்டு விழாவில் அதைத் துணிந்து மேடையேற்றினார். நாமோ கூத்தைத் தடைசெய்யவில்லை. 'என்ன கூத்து இது' என்று வசையாக்கிவிட்டோம்.

ஆகவே, பெயரை அப்படியே வைத்து 'ஹூலாக் கூத்து' என்று எழுதலாம். மருத்துவக் கட்டுரைகளில் தென்படும் 'பண்பாட்டுத் தழுவல் நடன உடற்பயிற்சி' என்ற நீளத் தொடருக்கு 'மரபுக்கூத்துப் பயிற்சி' போதும். காஹோலோ என்பதும் ஹூலாவில் பக்கவாட்டில் வைக்கும் ஓர் அடிதான். அதற்குச் சொல் தேட வேண்டாம், அடவு இருக்கிறது.